களைப்புல் இலையில் புள்ளி: எந்தப் பூஞ்சை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: நெல் வயலின் வரப்பில் முளைத்திருக்கும் களைப்புற்களில் விதவிதமான இலைப்புள்ளிகள் தெரிகின்றன, நான்கு படங்கள் எடுத்திருக்கிறீர்கள், அவை என்னென்ன பூஞ்சை நோய்கள், நெல்லுக்குப் பரவுமா, மருந்து அடிக்கலாமா. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. கடைசிக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம்: களைப்புல்லுக்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண் செலவு, அடிக்காதீர்கள். நடுவில் உள்ள கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதல் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தாவர நோயியல் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக, கொண்டுவரும் இலையைப் பார்த்து நோயைச் சொல்வதுதான் என் வேலை. பயிரின் நோயைச் சொல்வது சுலபம், களையின் நோயைச் சொல்வதுதான் சிரமம் என்பது அதில் கிடைத்த அனுபவம். நெல்லோ மக்காச்சோளமோ என்றால், அதற்கு வரக்கூடிய நோய்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. பல தலைமுறைகளாகப் பலர் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தது. இலையைக் கையில் வாங்கியதும் ஐந்தாறு பெயர்களுக்குள் விஷயம் சுருங்கிவிடும். களைப்புல்லுக்காக அவ்வளவு பேர் மெனக்கெட்டதில்லை. அதனால் உங்கள் நான்கு படங்களில் ஒன்றைத்தான் தயக்கமில்லாமல் சொல்வேன். இன்னொன்றை ஏறக்குறையச் சொல்வேன். மற்றொன்றில் இரண்டு மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. நான்காவது படம் பூஞ்சையே இல்லை என்பது என் சந்தேகம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் புல்லின் பெயர். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், நோயைக் கேட்டால் புல்லைக் கேட்கிறாரே என்று. ஆனால் இலையில் வாழும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை எல்லாப் புல்லிலும் உட்காருவதில்லை. துருப் பூஞ்சைகள் பெரும்பாலும் ஒரு பேரினத்துக்குள்ளேயே, சில சமயம் ஒரே இனத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 1894ல் எரிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் கருந்துருப் பூஞ்சையில், கோதுமையில் வளர்வது ஓட்ஸில் வளராது, ஓட்ஸில் வளர்வது கோதுமையில் வளராது என்று காட்டினார். நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாத இரண்டை வேறு வேறு என்று காட்டிக்கொடுத்தது அவை உட்கார்ந்திருந்த செடிதான். களைகளிலும் அதே கதைதான். புல் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் முதல் படத்தில் கதிர் விரல்களைப் போல விரிந்திருக்கிறது. இதைப் பார்த்து "அருகம்புல்" என்று எழுதியிருக்கிறீர்கள். விரல்கதிர் உள்ள களைகள் குறைந்தது நான்கு உண்டு, நான்கையும் குழப்பிக்கொள்வது மிகவும் சகஜம். அருகம்புல் தரையோடு ஓடி ஓடிக் கணுவில் வேர்விடும், விரல்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். காக்காய்க்கால் புல்லின் விரல்கள் குட்டையாக, தடித்து, நுனியில் மணிகள் இல்லாத ஒரு கூர்முனை நகம்போல நீட்டிக்கொண்டிருக்கும். கேழ்வரகின் காட்டு உறவான எலியுசின் இண்டிகாவின் தண்டடி தட்டையாக நசுங்கினாற்போல வெளிறி இருக்கும், பிடுங்கினால் லேசில் வராது. டிஜிடேரியாவின் விரல்கள் மெல்லியவை, சிறு மணிகள் ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் படத்தில் விரல்கள் மெலிந்து நீண்டு, ஒரே புள்ளியில் சேராமல் சற்றே மேலும் கீழுமாகக் கிளம்புகின்றன. ஆகவே டிஜிடேரியா என்றே நினைக்கிறேன்.

கதிர் வராத புல்லுக்கு இலையும் இலையுறையும் சேரும் இடத்தைப் பாருங்கள். இலையை மெல்லத் தண்டிலிருந்து பின்னுக்கு வளைத்தால் உட்பக்கம் ஒரு சின்ன நாக்கு தெரியும். நெல்லில் அது நீளமான வெள்ளைச் சவ்வு, பக்கத்தில் மயிருள்ள இரண்டு காதுகளும் இருக்கும். டிஜிடேரியாவில் சவ்வு மட்டும். அருகம்புல்லிலும் தினையின் காட்டு உறவுகளிலும் சவ்வுக்குப் பதில் மயிர் வரிசை. குதிரைவாலிக் களையில் அந்த நாக்கே கிடையாது, இடம் வழவழவென்று இருக்கும். நாற்றங்காலில் நெல்லையும் குதிரைவாலியையும் பிரிக்கக் களையெடுப்பவர்கள் பார்ப்பது இதைத்தான். உங்கள் இரண்டாவது படத்தில் இந்த இடம் தெளிவாக விழுந்திருக்கிறது. மயிர் வரிசை, ஓடும் தண்டு, ஆகவே அது உண்மையான அருகம்புல்.

அடுத்தது புள்ளியின் வடிவமும் நிறமும். இங்கேதான் பெரும்பாலானோர் அதிகமாக நம்பிவிடுகிறார்கள். புள்ளியில் கணிசமான பகுதி பூஞ்சையின் வேலை இல்லை, புல்லின் வேலை. புல் இலையில் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடுகின்றன. உள்ளே புகுந்த பூஞ்சைக்கு நரம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவுவது கடினம், நீளவாக்கில் பரவுவது எளிது. அதனால் சம்பந்தமே இல்லாத பத்துப் பூஞ்சைகள் ஒரே மாதிரி நீள்கதிர் வடிவப் புள்ளியைத் தரும். நிறமும் அப்படியே. சோளமும் காட்டுச் சோளமும் காயம் பட்டாலே அந்த இடத்தில் சிவப்பு, ஊதா நிறமிகளைச் சுரக்கும். பூச்சி குத்தினாலும் சிவப்பு, பாக்டீரியா நுழைந்தாலும் சிவப்பு, பூஞ்சை வந்தாலும் சிவப்பு. "சிவந்த புள்ளி, ஆகவே இன்ன நோய்" என்று காட்டுச் சோளத்தில் சொல்பவரைக் கண்டால் நான் சற்றுத் தள்ளி நிற்பேன்.

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? புள்ளியின் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதை. பொடியா, பஞ்சா, கரும்புள்ளியா, முள்ளா, அல்லது ஒன்றுமே இல்லையா. இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். கண்ணுக்கு மிக அருகில் லென்ஸை வைத்துக்கொண்டு இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் செய்வதுபோல லென்ஸை இலையருகே பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலையை ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் வளையம், எண்ணெய் பட்டதுபோன்ற ஈரக்கசிவு எல்லாம் அப்போதுதான் புலப்படும்.

முதல் படத்துக்கு வருகிறேன். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு, இரண்டு முனையும் கூர்மை. கண் வடிவம் என்று நீங்களே எழுதி, "நெல்லில் வரும் குலை நோய்தானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோற்றம் ஒத்துப்போகிறது. குலை நோயை உண்டாக்கும் பைரிகுலேரியா என்ற பூஞ்சைப் பேரினத்தின் வேலையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "நெல்லில் வரும் அதே" என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். நெல்லில் வருவதும் டிஜிடேரியாவில் வருவதும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வித்துகளை, அதாவது பூஞ்சை பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்களைப் பார்த்துப் பிரிக்க முடியாது, இரண்டும் பேரிக்காய் வடிவம். 2002ல் மரபணுக்களை ஒப்பிட்டு இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். டிஜிடேரியாவில் இருப்பது பைரிகுலேரியா கிரிசியா. நெல், கேழ்வரகு, கோதுமை முதலியவற்றில் இருப்பது பைரிகுலேரியா ஒரைசே. அந்த ஒரைசேக்குள்ளும் நெல்லுக்கு ஒரு பிரிவு, கேழ்வரகுக்கும் எலியுசின் களைக்கும் ஒரு பிரிவு என்று பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். ஆகவே உங்கள் புல் டிஜிடேரியா என்பது சரியாக இருந்தால், அதன் கண்புள்ளியைப் பார்த்து நெல்லுக்குப் பயப்படக் காரணம் குறைவு. அதே புள்ளியை எலியுசின் புல்லில் பார்த்து, பக்கத்தில் கேழ்வரகு இருந்தால், நான் வேறு மாதிரிப் பேசுவேன். புல்லின் பெயரை முதலில் கேட்டது இதற்காகத்தான்.

இன்னும் ஒரு தடை இருக்கிறது. கண் வடிவப் புள்ளியை பைப்போலாரிஸ், ட்ரெக்ஸ்லெரா போன்ற வேறு பூஞ்சைகளும் தரும். பிரிக்க வேண்டுமானால் வித்தைப் பார்க்க வேண்டும், வித்து வெளியே வர வேண்டுமானால் இலைக்கு ஓர் இரவு ஈரம் கொடுக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். மூடியுள்ள தட்டையான டப்பா ஒன்றின் அடியில் நான்கு மடிப்பாக டிஷ்யூ காகிதத்தைப் போட்டு நனைத்து, சாய்த்துப் பிடித்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். இலையை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஓடும் தண்ணீரில் அலசி, காகிதத்தில் நேரடியாகப் படாமல் இரண்டு குச்சிகளின் மேல் கிடத்துங்கள். மூடி, வெயில் படாத இடத்தில் அறை வெப்பத்தில் வையுங்கள். மறுநாள் காலை திறந்ததும் மூச்சு விடாமல் பாருங்கள், மூச்சுக்காற்றுக்கே சில வித்துகள் பறந்துவிடும். குலை நோய்ப் பூஞ்சையாக இருந்தால், முந்தைய நாள் வழவழவென்று இருந்த சாம்பல் நிற நடுப்பகுதியில் மெல்லிய தூசி படிந்தாற்போல இருக்கும். லென்ஸில் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நிமிர்ந்த நுண்ணிய இழைகள், நுனியில் பளபளக்கும் மணிகள். பைப்போலாரிஸ் வகையாக இருந்தால் இழைகள் கறுத்துத் தடித்து, அடிக்கப்பட்ட ஆணிகள்போல நிற்கும், மேலே கரிய நெல்மணிகள் தொங்குவதுபோல வித்துகள்.

நுண்ணோக்கி கிடைத்தால் ஒட்டுநாடாவை அந்த இடத்தில் லேசாக ஒற்றி, கண்ணாடித்தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரின் மேல் ஒட்டி, 400 மடங்கில் பாருங்கள். பைரிகுலேரியாவின் வித்து நிறமற்றது அல்லது மங்கிய சாம்பல், பேரிக்காய் வடிவம், இரண்டு தடுப்புகள், மூன்று அறைகள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. கரிய நீள வித்துகளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு அறை மட்டும் பெருத்துக் கறுத்து, அங்கேயே வித்து வளைந்திருந்தால் கர்வுலேரியா. காம்பில் ஒட்டியிருந்த இடம் சிறு முளைபோல வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எக்ஸ்செரோஹைலம். துருத்தல் இல்லாமல், நடு பருத்து முனைகள் ஒடுங்கி லேசாக வளைந்திருந்தால் பைப்போலாரிஸாக இருக்கலாம். நேரான உருளையாக இருந்தால் ட்ரெக்ஸ்லெராவாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் வித்துகளைச் சில மணி நேரம் தண்ணீரில் விட்டு முளைக்க வைப்போம். பைப்போலாரிஸ் பெரும்பாலும் இரண்டு முனை அறைகளிலிருந்தும் முளைக்குழாய் விடும், இருமுனை என்று பெயரே அதைத்தான் சொல்கிறது. ட்ரெக்ஸ்லெரா நடு அறைகளிலிருந்தும் விடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த சோதனை இது. செலவில்லை, கருவி அதிகம் வேண்டாம், பூஞ்சையே வாய்திறந்து பேரைச் சொல்லும்.

பெயர்களைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்களில் இதே பூஞ்சைகள் ஹெல்மின்தோஸ்போரியம் என்றும், காக்லியோபோலஸ் என்றும், குலை நோய்ப் பூஞ்சை மாக்னபோர்த்தே என்றும் இருக்கும். பாலினப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலிலிப் பருவத்துக்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளப் பூஞ்சைகளுக்கு அனுமதி இருந்தது. 2011ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அந்த வழக்கத்தை ஒழித்து, 2013 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்றாக்கியது. ஆகவே இரண்டு பெயர்களைப் பார்த்ததும் இரண்டு நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாவது படம்தான் நான் தயங்காமல் சொல்லும் படம். அது துரு நோய். அருகம்புல் இலையின் மேல்தோல் கிழிந்து, கிழிந்த விளிம்பு மெல்லிய சருகுபோல நிற்க, உள்ளிருந்து ஆரஞ்சுப் பழுப்புப் பொடி பிதுங்குகிறது. வெள்ளைக் காகிதத்தில் இலையைத் தேய்த்தால் செங்கல் பொடிபோலக் கோடு விழும். தோல் கிழிந்து பொடி வருவது துருவுக்கு உரிய அடையாளம், வேறெந்த இலைப்புள்ளியும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை. அருகம்புல்லில் என்றால் பக்சீனியா சைனோடான்டிஸ் என்பது முதல் ஊகம். பருவம் முடியும்போது அதே கொப்புளங்கள் கறுக்கும். அப்போது சுரண்டி எடுத்துப் பார்த்தால், காம்புள்ள இரண்டு அறை வித்து பக்சீனியா, ஒரே அறை யூரோமைசிஸ்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு மூன்று ஆரஞ்சுக் கொப்புளங்களுக்கு நடுவே பளபளப்பான கருமணிகள். துரு கறுக்கத் தொடங்கியிருக்கலாம். இன்னொரு வாய்ப்பும் உண்டு, துருவைத் தின்னும் பூஞ்சை. ஸ்பேரெல்லாப்சிஸ் என்று பெயர், துருக் கொப்புளத்துக்குள்ளேயே குடியேறி அதன் மேல் வாழும். ஊசிமுனையால் அந்தக் கருமணியைத் தொட்டுப் பாருங்கள். தனியாக ஒரு சிறு உருண்டையாகப் பெயர்ந்து வந்தால் அது இந்த ஒட்டுண்ணி. பொடியாகவோ கெட்டியான பொருக்காகவோ வந்தால் துருவின் பிந்தைய வித்து. நோய்க்கே நோய் வருவதை லென்ஸில் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

மூன்றாவது படம் ஏறக்குறையச் சொல்லக்கூடியது. இலை பச்சையாகவே இருக்க, அதில் தார் தெறித்ததுபோல மேடான, மினுக்கும் கருந்திட்டுகள். நீங்கள் "கரிப்பூட்டையா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விடுகிறதென்றால் அது சாறுண்ணிப் பூச்சிகளின் தேன்கழிவில் வளரும் கரும்பூசணம், இலைக்குள் போகாதது. நகத்தால் கீறினால் கரிப்பொடி கொட்டுகிறதென்றால் கரிப்பூட்டை, ஆனால் இலையில் அது பெரும்பாலும் நீளக் கோடுகளாக வரும், பிறகு இலை நார்நாராகக் கிழியும். துடைத்தாலும் போகாமல், கீறினாலும் பொடி கொட்டாமல், இலையின் இரு பக்கமும் அதே இடத்தில் திட்டு தெரிந்தால் தார்ப்புள்ளி, அதாவது ஃபில்லகோரா. படத்தில் மினுக்கமும் மேடும் இருப்பதால் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஃபில்லகோரா இனங்கள் உயிருள்ள இலையைத் தவிர வேறெதிலும் சாதாரணமாக வளர்வதில்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்று அனுப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். துருவுக்கும் சாம்பல் நோய்க்கும் இதே சங்கடம் உண்டு.

நீங்கள் அனுப்பாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தேடப்போனால் கண்ணில் படும். இலையின் மேல்பக்கம் மாவு தூவியதுபோல இருந்து விரலில் ஒட்டினால் சாம்பல் நோய், நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் அதிகம். அடிப்பக்கத்தில், விடியற்காலையில் மட்டும் வெள்ளைப் பூவிதழ்போலத் தெரிந்து வெயில் ஏறியதும் மறைந்தால் அடிச்சாம்பல் நோய். அது கண்டிப்பாகச் சொன்னால் பூஞ்சையே அல்ல, பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு வகை. அதனால் எல்லாப் பூஞ்சைக்கொல்லியும் அதற்கு வேலை செய்வதில்லை. காய்ந்த புள்ளியில் லென்ஸ் வைத்தால் கறுத்த முட்கள் குத்திட்டு நின்றால் கொல்லெட்டோட்ரைக்கம். தண்ணீர் மட்டத்துக்கு அருகே இலையுறையில் வெளிறிய பெரிய திட்டுகள், பழுப்பு ஓரம், கடுகு அளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் ரைசோக்டோனியாவின் இலையுறைக் கருகல். அதில் வித்துத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்தப் பருவத்தில் அது வித்து விடுவதில்லை. ஈரக்கசிவுள்ள கோடுகளாக இருந்தால் இலையைக் குறுக்கே வெட்டி வெட்டுமுனையைத் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா. மழைக்குப் பிறகு புல் முழுக்கச் சாம்பல் நிறக் குருணை அப்பியதுபோல இருந்து கையால் தள்ளினால் உதிர்ந்துவிட்டால் அது வழுக்குப் பூசணம், புல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

ஈரப்பெட்டி முறையில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் பாலித்தீன் பையில் மூன்று நாள் வெந்துகொண்டே வந்த குதிரைவாலி இலைகளைப் பார்த்தேன். புள்ளி முழுக்க ஆல்டர்னேரியா வித்துகள், சங்கிலி சங்கிலியாக, பாடப்புத்தகப் படம்போல. உற்சாகத்தில் அறிக்கையும் எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது செத்த இலையில் வந்த விருந்தாளி தம்பி, கொலை செய்தவன் வேறு" என்றார். புதிதாக, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரச் செய்து பார்த்தபோது எக்ஸ்செரோஹைலம் இருந்தது. ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் போன்றவை செத்த திசு எங்கே கிடைத்தாலும் வந்து உட்காரும். ஆகவே மாதிரியை எப்போதும் செய்தித்தாளில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். புள்ளியின் செத்த நடுவிலிருந்து எடுக்காமல் பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பிலிருந்து எடுங்கள். ஒரே பூஞ்சை பல இலைகளின் இளம் புள்ளிகளில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படியும் உறுதி வேண்டுமென்றால், பிரித்து வளர்த்த பூஞ்சையை ஆரோக்கியமான அதே புல்லில் தெளித்து, அதே புள்ளி வருகிறதா, அதிலிருந்து அதே பூஞ்சை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இன்றும் அதுதான்.

டிஎன்ஏ சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாதி தீர்க்கும். பூஞ்சைகளுக்குப் பொது அடையாளக் குறியாக 2012ல் முன்மொழியப்பட்ட ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி, பேரினம் வரை பொதுவாக நன்றாகக் கொண்டுபோய்விடும். கொல்லெட்டோட்ரைக்கம், பைப்போலாரிஸ் போன்றவற்றில் இனத்தைப் பிரிக்க அது போதாது, வேறு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருந்தாளியை வளர்த்து அனுப்பினால் டிஎன்ஏ விருந்தாளியின் பெயரைத்தான் துல்லியமாகச் சொல்லும்.

இனி நெல்லுக்குப் பரவுமா என்ற கேள்வி. அருகம்புல்லின் துரு நெல்லுக்கு வராது, அந்த விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். தார்ப்புள்ளியும் தன் புல்லோடு நின்றுவிடும். டிஜிடேரியாவின் கண்புள்ளியை மேலே சொன்னேன். குதிரைவாலியில் வரும் எக்ஸ்செரோஹைலம் மோனோசெரஸ் நெல்லை விட்டுவிட்டுக் குதிரைவாலியை மட்டும் கருக்குவதால், அதையே களைக்கொல்லியாகப் பயன்படுத்தலாமா என்று 1990களில் ஆராய்ந்தார்கள். களையின் நோய் சில சமயம் நமக்கு வேலையாள். கவலைப்பட வேண்டியது ரைசோக்டோனியாவைப் பார்த்து, அதற்குப் புல், நெல், பயறு என்ற பேதமில்லை. வரப்புப் புல்லில் இலையுறைக் கருகல் தெரிந்தால் அது வயலுக்குள்ளும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"வராது" என்று நான் சொல்வது இன்றைய நிலையை வைத்துத்தான். 1985ல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமையில் முதன்முதலாகக் குலை நோய் வந்தது. அதுவரை கோதுமைக்கு அது நோயே இல்லை. 2016ல் வங்கதேசத்தில் தென்பட்டது. ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு மரபணு இல்லாத கோதுமை ரகம் பரவலாகப் பயிரானதுதான் ரைகிராஸ் (லோலியம்) என்ற புல்லில் இருந்த பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. பூஞ்சை தாண்டுவது அரிது, ஆனால் தாண்டும். அதனால் மருந்து அடிக்காதீர்கள் என்று சொன்ன நான், புல்லை வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. துருவும் சாம்பல் நோயும் உயிருள்ள இலையில்தான் வாழும், புல் காய்ந்தால் அவற்றின் கதை பெரும்பாலும் முடிந்தது. பைப்போலாரிஸ், எக்ஸ்செரோஹைலம், பைரிகுலேரியா காய்ந்த சருகிலும் இருந்து அடுத்த ஈரத்தில் வித்து விடும். அப்படிப்பட்ட புல்லை வெட்டி வயலோரமே குவித்து வைத்தால் வெட்டியதற்குப் பலனில்லை.

கடைசியாக நான்காவது படம். வட்ட வட்டமாக, காகிதம்போல வெளுத்த சிறு புள்ளிகள், ஓரத்தில் மெல்லிய பழுப்பு. இலைப்புள்ளி நோய் என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படத்தின் இடது மூலையில் மங்கலாகத் தெரியும் கோரையைப் பார்த்தேன். அதிலும் அதே அளவில், அதே வெளுப்பில் புள்ளிகள். அதன் பின்னால் இருக்கும் அகன்ற இலைச் செடியிலும் இரண்டு. இலைப்புள்ளிப் பூஞ்சை பெரும்பாலும் ஆள் பார்த்துத்தான் உட்காரும், ஒரே நாளில் புல், கோரை, அகன்ற இலைச் செடி மூன்றிலும் ஒரே அளவில் புள்ளி வைக்காது. தொட்டாலே எரிக்கும் களைக்கொல்லி காற்றில் தெறித்தால் வைக்கும். புள்ளி எல்லாம் ஒரே வயது, நுனிக்குருத்தில் ஒன்றுமில்லை என்பதும் அதற்குப் பொருந்துகிறது. உறுதி செய்ய, ஒரு இலையில் நான்கைந்து புள்ளிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புள்ளி வட்டத்தைத் தாண்டியிருந்தால் நான் தவறு, ஈரப்பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். தாண்டவில்லை, புது இலையும் சுத்தமாக வந்திருக்கிறது என்றால், அந்தப் படம் எடுப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு பக்கத்தில் யார் எதைத் தெளித்தார்கள், அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று விசாரியுங்கள்.